அக்கா நோற்காத விரதம்

அன்புள்ள மகனுக்கு,

உன் கடிதம் நேற்றுப் பின்னேரம் வந்து சேர்ந்தது. கொழும்பிலிருந்து கிளாலிக் கடல் தாண்டி வந்த ஒருவரின் பையில் நாலு கிழமை திரிந்து, ஒரு மூலை நனைந்து ஊறிப்போய் வந்தது. நானும் அம்மாவும் சுகமாக இருக்கிறோம். செல்லடி இப்போதைக்கு இல்லை. குண்டுக்கு ஒளிய வெட்டின பங்கருக்குள் கோழி அடை கிடக்கிறது என்றால் நிலைமை உனக்கு விளங்கும். எங்கள் புதினம் அவ்வளவுதான். நான் இன்று விடிந்ததும் விடியாததுமாக எழுத உட்கார்ந்தது உன் கடிதத்தின் மூன்றாம் பக்கத்துக்குப் பதில் சொல்ல.

உன் மாமியாருக்கு, வதனியின் தாயாருக்கு, பாரிசவாதம் வந்து, வலப்பக்கம் விழுந்த பிறகு, அவரை அங்கே கனடாவில் ஒரு முதியோர் இல்லத்தில் சேர்த்திருப்பதாக எழுதியிருக்கிறாய். அதில் எனக்குக் கோபம் ஏதும் இல்லை. இரண்டு பேரும் வேலை, பிள்ளைகள் பள்ளிக்கூடம், மாடிவீட்டில் சக்கர நாற்காலி திரும்ப இடமில்லை. ஊரார் என்ன சொல்வார்களோ என்று நீ ஒன்றரைப் பக்கம் நியாயம் எழுதியிருக்கத் தேவையில்லை. ஊரார் அங்கே வந்து தூக்கி இருத்தப் போவதில்லை. ஆனால் நியாயங்களுக்கு நடுவில், போகிற போக்கில் சில விஷயங்களை எழுதியிருக்கிறாய். மாமியார் ஆரம்பத்தில் அழுதவர், இப்போது நல்ல அமைதி என்கிறாய். கையில் நீலம் பாரித்த ஒரு கண்டல் இருந்ததாம், வயதுபோன தோல் அப்படித்தான் என்று தாதி சொன்னாராம். சாப்பாடு குறைவாம், சமய காரணத்துக்காக உணவை மறுக்கிறார் என்று புத்தகத்தில் எழுதி வைத்திருக்கிறார்களாம். அதை வாசித்துவிட்டு நீயும் வதனியும் சிரித்தீர்களாம், அம்மா கனடாவிலும் விரதத்தை விடவில்லை என்று. அந்த வரியில் நான் கடிதத்தைக் கீழே வைத்துவிட்டேன். அம்மா எடுத்து வாசித்தாள். வாசித்துவிட்டு, "இண்டைக்கே எழுதுங்கோ. எல்லாத்தையும் எழுதுங்கோ, அக்காவின்ரை கதையையும்" என்றாள்.

நான் முப்பத்தொரு வருடம் சுகாதாரப் பரிசோதகராக வேலை பார்த்தவன். பேக்கரி, தேத்தண்ணிக் கடை, இறைச்சிக் கடை என்று நான் தூக்கிப் பார்க்காத மூடி வலிகாமத்தில் இல்லை. எந்தக் கடைக்கும் சொல்லிவிட்டுப் போனதில்லை. முன்வாசலால் போனதில்லை. "ஐயாவுக்கு முன்வாசல் எண்டு ஒண்டு இருக்கிறது தெரியாதோ?" என்று ஒரு பேக்கரிக்காரர் ஒரு கலியாண வீட்டில் வைத்தே என்னைக் கேட்டார். முன்வாசலை எனக்காகக் கழுவி வைத்திருப்பீர்கள், அதைப் பார்க்க எனக்கு அரசாங்கம் சம்பளம் தரவில்லை என்று சொன்னேன். பக்கத்தில் இருந்தவர்கள் எல்லாம் சிரித்தார்கள். அப்படிப்பட்ட நான் என் சொந்த அக்காவைப் பார்க்க, சொல்லிவைத்த நாளில், சொல்லிவைத்த நேரத்தில், வேட்டி உடுத்து, முன்வாசலால் போய், முன்மண்டபத்தில் கதிரை போட்டு இருந்துவிட்டு வந்தேன். ஒரு நாள் இரண்டு நாள் அல்ல, ஏழு மாதம்.

என் அக்காவை உனக்குத் தெரியும். கணக்கு ரீச்சர். கலியாணம் செய்யாமல் எங்களோடு இருந்தவர். உனக்குப் பின்னக் கணக்குப் பிழைத்தால் பென்சிலால் மேசையில் தட்டுவாரே தவிர உன்மேல் தட்டமாட்டார். நீ எண்பத்து நாலில் நாட்டை விட்டு வெளிக்கிட்ட பிறகு இங்கே நடந்ததெல்லாம் உனக்குத் தெரியாது. கிணற்றடியில் வழுக்கி விழுந்து அவருக்குத் தொடை எலும்பு முறிந்தது. பொருந்தினது சரியாகப் பொருந்தவில்லை. அந்த நாட்களில் உடுவிலில் செல் விழாத கிழமை இல்லை. கூவும் சத்தம் கேட்டால் நாங்கள் பங்கருக்குள் குதிப்போம், அக்காவைத் தூக்க இரண்டு பேருக்கும் பலம் இல்லை. "நீங்கள் போங்கோ, நான் கட்டிலுக்குக் கீழை கிடக்கிறன்" என்பார். இரண்டு முறை அப்படி விட்டுவிட்டுப் போனோம். மூன்றாம் முறை அம்மா போகவில்லை, அவரோடேயே கட்டிலுக்குக் கீழே கிடந்தாள். அதற்குப் பிறகுதான் கரவெட்டிப் பக்கத்தில் ஒரு இல்லம் இருக்கிறது, அங்கே சண்டை குறைவு, வெளிநாட்டுக்குப் போன பிள்ளைகளின் உதவியில் நடக்கிறது என்று கேள்விப்பட்டுக் கொண்டுபோய் விட்டோம். சேர்க்கும்போது எங்கள் எண்ணத்தில் கள்ளம் இருக்கவில்லை.

இரண்டு கிழமைக்கு ஒருக்கால், வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு வரலாம் என்று இல்லத்துக்குப் பொறுப்பான மேற்றன் சொன்னார். மற்ற நாளில் வந்தால் மற்றவர்களுக்கு இடைஞ்சலாம். பெண்கள் படுக்கும் அறைக்குள் ஆண்கள் வரக்கூடாதாம். இந்த இரண்டும் எனக்கு நல்ல ஒழுங்காகவே பட்டன. உடுவிலில் இருந்து வல்லை வெளியால் சைக்கிள் உழக்கிப் போவேன். எதிர்க்காற்று அடித்தால் இரண்டரை மணித்தியாலம் எடுக்கும். நான் போய்ச் சேரும்போது அக்காவைக் குளிப்பாட்டி, தலை வாரி, நெற்றி நிறைய விபூதி பூசி, பவுடர் போட்டு மண்டபத்தில் இருத்தியிருப்பார்கள். சவர்க்காரம் கிடைக்காத அந்தக் காலத்தில் பவுடர் எங்கிருந்து வந்தது, எதை மறைக்க வந்தது என்று நான் கேட்கவில்லை. மேற்றன் பக்கத்தில் நின்றுகொண்டே இருப்பார். நான் அக்காவை எப்படி இருக்கிறாய் என்று கேட்டால், அக்கா முதலில் மேற்றனைப் பார்ப்பார், பிறகு "ஓம், சுகம்" என்பார். நாற்பது பிள்ளைகளை ஒரு பார்வையில் அடக்கிய மனுஷி, பதில் சொல்ல இன்னொருவர் முகத்தைப் பார்க்கிறார். அது எனக்கு மரியாதையாகத் தெரிந்தது. மூக்குக்கண்ணாடி எங்கே என்று கேட்டேன். "உடைஞ்சு போகும் எண்டு உள்ளுக்கை வைச்சிருக்கிறம் ஐயா" என்றார் மேற்றன். கவனமான மனுஷி என்று நினைத்துக்கொண்டேன்.

இன்னொன்றும் நடந்தது, அதை எழுதத்தான் கை கூசுகிறது. சாப்பாட்டைப்பற்றி வாழ்நாளில் கதைக்காத அக்கா, நான் போகும்போதெல்லாம் ஒரே கேள்வி கேட்பார். "வீட்டிலை நேற்று என்னடா கறி?" நான் உற்சாகமாகச் சொல்லுவேன், முருங்கையிலை வறை, கத்தரிக்காய்ப் பால்கறி, மாங்காய்ச் சம்பல் என்று. "அதுக்கு முதல் நாள்?" என்பார். அதையும் சொல்லுவேன். வீட்டு நினைவில் கேட்கிறார் என்று அம்மாவிடம் வந்து சொல்லி இரண்டு பேரும் நெகிழ்ந்து போனோம். பசித்தவர் கேட்கும் கேள்வி அது என்று எனக்கு விளங்கவில்லை.

விளங்காமல் போனதற்கு ஒரு காரணம் இருந்தது. அது நம்மைப் போன்ற ஆட்களுக்கு மட்டுமே வரக்கூடிய முட்டாள்தனம். ஐப்பசியில் கேதாரகௌரி விரதம் தொடங்கியது. அக்கா இருபது வயதிலிருந்து விடாமல் பிடிக்கிற விரதம், இருபத்தொரு நாளும் ஒருநேரச் சாப்பாடு. அது முடிந்த மறுநாளே கந்தசஷ்டி தொடங்கும், ஆறு நாளும் பாலும் பழமும். அந்த மாதம் போனபோது அக்காவின் கன்னம் ஒட்டியிருந்தது, கழுத்தெலும்பு சட்டைக்கு மேலால் தெரிந்தது. நான் கொண்டுபோன சாப்பாட்டுப் பார்சலை மேற்றன் வாங்கி உள்ளே வைத்தார். "அக்கா விரதம் ஐயா. இந்த வயசிலும் என்ன வைராக்கியம் பாருங்கோ" என்றார். இடது மணிக்கட்டில் மஞ்சள் காப்புநூல் அகலமாகச் சுற்றியிருந்தது. ஐயர் வந்து கட்டிவிட்டவர் என்றார். காப்பு இவ்வளவு தடிப்பாகக் கட்டுவார்களா என்று ஒரு கணம் நினைத்தேன், அதோடு விட்டுவிட்டேன். வரும் வழியில் எனக்கு ஒரே பெருமை. கோயிலடியில் கண்டவர்களிடம் எல்லாம் சொன்னேன், கால் முறிந்தும் என் அக்கா விரதத்தை விடவில்லை என்று. அக்காவிடம் நீ விரதமா என்று நான் கேட்கவில்லை, மகன். மேற்றன் சொன்னதே எனக்குப் போதுமாக இருந்தது.

அக்காவைக் காப்பாற்றியது என் உத்தியோகம் இல்லை, உன் அம்மாவின் பிடிவாதம். கந்தசஷ்டி முடிந்த மறுநாள் விடியப் பாறணை. விரதம் முறிக்கிற சாப்பாட்டை அக்காவுக்கு வருடாவருடம் சமைத்துக் கொடுத்தது அம்மாதான். "இந்த வருசம் மட்டும் ஏன் விடவேணும்? நானும் வாறன்" என்று நின்றாள். அது வெள்ளிக்கிழமை இல்லை, விடமாட்டார்கள் என்றேன். "பாறணைக்கு ஆர் மறிக்கிறது?" என்றாள். சமைத்து, வாழையிலையில் கட்டி, சைக்கிள் கரியரில் அவளை ஏற்றிக்கொண்டு போனேன். போய்ச் சேர ஒன்பது மணி. மேற்றன் கோயிலுக்குப் போய்விட்டார். ஒரு பணிப்பெண் மட்டும் நின்றாள். எங்களைக் கண்டதும் பயந்துபோய், "முன்னாலை திறப்பு இல்லை, பின்னாலை வாங்கோ" என்றாள். அப்படித்தான் நான் அந்த வீட்டுக்குப் பின்வாசலால் போனேன்.

அறைக்குள் மூத்திர நாற்றம். அக்கா சுவர்ப் பக்கம் பார்த்துக் கிடந்தார். எங்கள் காலடிச் சத்தம் கேட்டதும் திரும்பிப் பார்க்காமலே, "நான் எழும்பேல்லை மேற்றன். நான் எழும்பேல்லை" என்றார். அம்மா போர்வையை விலக்கினாள். பழைய சீலைக் கிழிசலால் இடது கையைக் கட்டிலோடு கட்டியிருந்தார்கள். காப்புநூல் மேலே ஏறியிருந்தது, அதன் கீழே மணிக்கட்டைச் சுற்றிக் கறுத்த தழும்பு. அம்மா கட்டை அவிழ்த்து, இலையைப் பிரித்தாள். அக்கா சாப்பிட்டதை நான் விவரிக்கப் போவதில்லை. மெல்லவில்லை, விழுங்கினார். நடுவில் ஒரு வடையை எடுத்துச் சீலைத் தலைப்புக்குள் முடிந்துகொண்டார். அம்மா அதைப் பார்த்தும் பாராதமாதிரி இருந்தாள். பிறகு என்னை வெளியே போகச் சொன்னாள். "நான் அக்காவுக்குத் தோய வார்க்கப் போறன்" என்றாள். தலையில் எண்ணெய் வைத்துக் குளிக்க வைக்கும்போதுதான் மீதி எல்லாம் வெளியில் வந்தது. முதுகில், புட்டத்தில், குதிக்காலில் படுக்கைப்புண். இடுப்பில் இருந்த புண் உள்ளங்கை அளவு. தலையில் பேன் மொய்த்தது. அம்மா வெளியே வந்து அழவில்லை. "சைக்கிளை விட்டிட்டு எங்கையாவது ஒரு லாண்ட்மாஸ்ரர் பிடியுங்கோ. அக்கா எங்களோடை வாறா" என்றாள்.

நான் பெட்டி பூட்டின லாண்ட்மாஸ்ரர் உழவு வண்டியோடு திரும்ப மேற்றனும் வந்துவிட்டார். அவருக்கு எல்லாவற்றுக்கும் ஒரே பதில் இருந்தது. "பொருளாதாரத் தடை ஐயா. பஞ்சு இல்லை, மருந்து இல்லை, சவுக்காரம் இல்லை, அரிசி இல்லை." அது உண்மைதான், எங்கள் வீட்டிலும் இல்லை. ஆனால் சாமான் தட்டுப்பாடு வந்தால் வீட்டில் எல்லாரும் மெலிவார்கள். அங்கே கட்டிலில் கிடந்தவர்கள் மட்டும் மெலிந்திருந்தார்கள். நான் குசினிக்குள் போய், முப்பத்தொரு வருடப் பழக்கத்தில், மூடிகளைத் தூக்கினேன். ஒரு பானையில் தண்ணியான கஞ்சி. மற்றப் பானையில் சோறும் இரண்டு கறியும். கஞ்சி யாருக்கு என்று கேட்கத் தேவையிருக்கவில்லை. எனக்கு வாய் தடித்துவிட்டது, சொல்லக்கூடாத வார்த்தையும் சொல்லிப்போட்டேன். அப்போது அந்த மனுஷி ஒன்று சொன்னார். "அவ விரதம் எண்டு சொன்னவுடனை நீங்கள்தானே ஐயா சந்தோசப்பட்டனீங்கள்?" நான் திரும்பி நடந்து, வண்டிக்காரரோடு சேர்ந்து அக்காவைத் தூக்கி ஏற்றினேன்.

அந்த மனுஷி சொன்னது உண்மை. இதை உனக்கு ஒளிக்காமல் எழுதுகிறேன், உனக்கும் இது நடக்கும். நான் காணாமல் விட்டது கண் தெரியாததால் இல்லை. கண்டால் அக்காவைத் திரும்பக் கூட்டிக்கொண்டு வரவேண்டும், வந்தால் எங்கே வைப்பது, எப்படித் தூக்குவது, பங்கருக்குள் எப்படி இறக்குவது என்ற யோசனை அடிமனதில் இருந்தது. ஆகவே யார் எதைச் சொன்னாலும் அது நல்ல செய்தியாக இருந்தால் உடனே நம்பினேன். நல்ல பிள்ளைகள்தான் இந்தப் பிழையை விடுவார்கள். அக்கறை இல்லாதவன் பார்க்கவே போகமாட்டான், அவனுக்கு ஏமாறவும் ஒன்றும் இல்லை.

இல்லத்தை நடத்திய சபைக்கு நான் பேக்கரிக்கு எழுதுவதுபோல ஒரு அறிக்கை எழுதிக் கொடுத்தேன். அந்தச் சபையில் ஒருவர் வீட்டுக்கு வந்து, "ரீச்சரின்ரை பேரும் எல்லோ இதிலை அடிபடும். ஏன் வெளியிலை கதைக்கிறியள்?" என்றார். என் அக்கா பேர் கெடும்படி ஒன்றும் செய்யவில்லை என்றேன். மற்றக் குடும்பங்களையும் கூட்டிக்கொண்டு போனேன். மேற்றன் போனார், நேரக்கட்டுப்பாடும் போனது. இன்றைக்கு யாரும் எந்த நாளும், எந்த வாசலாலும் போகலாம். நானும் போகிறேன், அங்கே இப்போது சோறு எல்லாருக்கும் ஒரே பானையில். இல்லம் என்றாலே கெட்டது என்று நான் சொல்லவில்லை என்பதற்காக இதை எழுதுகிறேன். பார்க்க ஆள் வருகிற இல்லம் நன்றாக நடக்கும்.

இனி உன் விஷயம். நீ ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணிக்குப் போகிறாய், அரை மணித்தியாலம் இருக்கிறாய், வதனிக்குக் கிழமைமுடிவில் வேலை. நல்லது. ஆனால் நீ மருமகன். உன்னைக் கண்டால் கதிரையை விட்டு எழும்பி உள்ளே போகிற மனுஷி அவர். உன் கலியாணம் முடிந்த இத்தனை வருடத்தில் உன் முகத்தைப் பார்த்து நாலு வசனம் தொடர்ந்து கதைத்திருப்பாரோ தெரியாது. அவர் உன்னிடம், என்னை மூத்திரத்தோடு கிடக்க விடுகிறார்கள், நுள்ளிக் கிள்ளுகிறார்கள் என்று சொல்வார் என்று நீ நினைக்கிறாயா? "ஒரு குறையும் இல்லைத் தம்பி" என்றுதான் சொல்லுவார். நெருப்புக்குள் நின்றாலும் மருமகனிடம் அதைத்தான் சொல்லுவார். அங்கே வேறு யாரிடமாவது சொல்ல அவருக்கு இங்கிலீசும் இல்லை. ஆகவே நீ ஞாயிறு தோறும் கொண்டுவருகிற செய்திக்குப் பெறுமதி இல்லை, மகன். கோபிக்காதே.

வதனி போகவேண்டும். ஒரு நாள் சம்பளம் போனால் போகட்டும். ஞாயிறு வேண்டாம், சொல்லிவிட்டும் போக வேண்டாம், சாப்பாட்டு நேரத்துக்குப் போகட்டும். தட்டைக் கொண்டுவந்து வைப்பவர் ஊட்டுகிறாரா, வைத்துவிட்டுப் போய் அரை மணியால் அப்படியே எடுத்துக்கொண்டு போகிறாரா என்று பார்க்கட்டும். தண்ணீர்க் கோப்பை எந்தப் பக்கம் இருக்கிறது என்று பார்க்கட்டும், விழுந்த கைப் பக்கம் வைத்திருந்தால் அது இருந்தும் இல்லாததுதான். சைவச் சாப்பாடு கேட்பது விரதம் இல்லை என்பதை அந்தப் புத்தகத்தில் திருத்தி எழுத வைக்கட்டும். கண்டல் ஒன்று என்றால் விழுந்ததாக இருக்கலாம், இரண்டு மேற்கையிலும் விரல் பட்ட மாதிரி இருந்தால் அதற்கு வேறு கதை இருக்கும். ஆட்கள் உள்ளே வரும்போது தாய் முகம் எப்படி மாறுகிறது என்று மகளுக்குத் தெரியும். எல்லாவற்றுக்கும் மேலாக, அன்றைக்குத் தாயைத் தன் கையால் குளிப்பாட்டட்டும். முதுகு, இடுப்பு, குதிக்கால், அக்குள், நகம் எல்லாம் தண்ணீர் ஊற்றும்போது தெரிந்துவிடும். கதவைச் சாத்திக்கொண்டு, தமிழில் கதைத்துக்கொண்டு வார்க்கட்டும். அந்த நேரத்தில் தாய் சொல்லுவதுதான் உண்மை. எல்லாம் ஒழுங்காக இருந்தால் அந்தத் தாதிக்கு நன்றி சொல்லிவிட்டு வாருங்கள். இந்தக் கிழவனுக்கு விசர் என்று எனக்கு எழுது, சந்தோஷமாக வாங்கிக்கொள்ளுகிறேன்.

அக்கா வீட்டுக்கு வந்து பதினாலு மாதம் இருந்தார். புண் ஆற நாலு மாதம் எடுத்தது. பக்கத்து வீட்டு நேர்ஸ்பிள்ளை காட்டித் தந்தபடி அம்மா இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருக்கால் திருப்பிப் படுக்கவைத்தாள். இரவில் நான் திருப்பினேன், அக்காவின் உடம்பைத் தொடக் கூசிய தம்பி நான். செல்லடித்தால் மூன்று பேரும் கட்டிலுக்குக் கீழே கிடந்தோம். உனக்கு அப்போது உன் மாமி, என் அக்கா, சுகம் என்று எழுதினோம், அது பொய். சாகும்போது அவர் வயிறு நிறைந்திருந்தது, முதுகு காய்ந்திருந்தது, மூக்கில் கண்ணாடி இருந்தது. எங்களால் முடிந்ததைச் செய்தோம் என்று நான் தலை நிமிர்ந்து சொல்லுவேன்.

ஆனால் ஒரு பின்னேரம், நான் அவரின் நகம் வெட்டிக்கொண்டிருந்தபோது, கோபமில்லாமல், ஒரு கணக்கின் விடையைக் கேட்பதுபோலக் கேட்டார். "நீ ஏன்ரா முந்தியே உள்ளுக்கை வரேல்லை?" நான் அடுத்த நகத்தை வெட்டினேன். அவர் இரண்டாம் முறை கேட்கவில்லை. பிறகு சாகும்வரை கேட்கவில்லை.

அந்தக் கேள்வி வதனிக்கு வரக்கூடாது. இந்தக் கடிதம் உன் கைக்கு வர இன்னும் ஒரு மாதம் எடுக்கும், அந்த மாதத்தை என்னால் ஒன்றும் செய்ய முடியாது. வந்த நாளை நீ வீணாக்காதே. கடிதத்தை அவளிடம் கொடு. அவள் வாசித்து முடிப்பதற்குள் கீழே போய்க் காரை எடு.

அன்புடன்,
அப்பா